என்கொயரி நைனா

என்கொயரி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு அர்த்தம், ஆபீஸில் வேறு அர்த்தம். இரண்டும் நல்லதற்கில்லை. பஸ் ஸ்டாண்டில் அது வெறும் ஜன்னல். திருத்தணியில் எங்கள் தெருவுக்கு மட்டும் அது ஒரு மனிதர். அவர் வாயைத் தாண்டாமல் எங்கள் தெருவில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை.

தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். பெயர் என்னவோ, எல்லோருக்கும் என்கொயரி நைனா. பையனின் போட்டோவை ஃபேஸ்புக்கில் ஆயிரம் தடவை பார்த்த பெண் வீட்டாரும் கடைசியில் அவரிடம் வந்துதான் விசாரிப்பார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள். "இங்க வீடு வாடகைக்குக் கெடைக்குமா?" என்று ஆரம்பிப்பார்கள். அதுதான் வழக்கம். நைனா அவர்கள் சட்டைக் காலரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எந்த வீட்டுப் பையனுக்கு?" என்பார்.

எனக்கு முப்பத்துமூன்று முடிந்திருந்தது. நான்கு வரன்கள் அந்த வண்டி வரை வந்து அப்படியே திரும்பிப் போயிருந்தன. ஒவ்வொருவரிடமும் நைனா சொன்னது ஒன்றுதான்: "தங்கமான பையங்க. ஆனா கோவம் வந்தா தட்டுலயே கைய கழுவிகினு எழுந்துடுவான். சட்டைல குழம்பு தெறிச்சிகீதே, நான் பாக்கறேனே!"

அம்மா ஒரு கிலோ மைசூர்பாகோடு போய்க் கெஞ்சினாள். "அண்ணா, கொஞ்சம் பாத்து சொல்லுங்கண்ணா."

"என்கொயரில பொய் சொல்லக்கூடாதும்மா. நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து ஏன் சொல்லலன்னு என்னைக் கேட்டா, இன்னா பதில் சொல்றது?"

மைசூர்பாகை மட்டும் வாங்கிக்கொண்டார். எனக்கு இனிமேல் கல்யாணமே கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன். அன்றிரவும் தட்டில்தான் கை கழுவினேன்.

அடுத்த வாரம் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். லுங்கி வியாபாரி. இங்கே கடை போட வந்தவர், நிஜமாகவே வாடகைக்கு வீடு தேடினார். அவர் வாயைத் திறந்ததுமே நைனா சிரித்துவிட்டார்.

"ஆங், தெரியும், தெரியும். வீட்ல எத்தினி பேரு?"

"நாலு பேருங்க."

"பொண்ணு கீதா?"

"ஒண்ணு இருக்குதுங்க. டீச்சர்."

"கோவம் வருமா?"

வீட்டுக்காரர்கள் இந்தக் காலத்தில் இதையெல்லாம்கூடக் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாராம் அந்த மனிதர். பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார். "வரும்ங்க. போன மாசம் மிக்ஸி ஜாரையே தூக்கிப் போட்டுட்டா."

நைனா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். "அப்ப சரியா போச்சு! இவன் தட்டுல கைய கழுவுவான், அது ஜாரைத் தூக்கிப் போடும். ஒருத்தருக்கொருத்தர் பயந்துகினு நல்லா இருப்பாங்க."

"யாருங்க?"

"மாப்ளதான். இதோ வந்துகினு கீறானே!"

துணி மூட்டையோடு வந்துகொண்டிருந்தவன் நான். அந்த மனிதர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். நானும் ஒன்றும் புரியாமல் வணக்கம் வைத்தேன்.

மூன்றாவது மாதம் மலைமேல் முருகன் கோயிலில் முகூர்த்தம். இன்றைக்கும் என் மாமனார் யாரைப் பார்த்தாலும் சொல்வார்: "வீடு தேடித்தான் போனேன். மாப்ள கெடச்சாரு. வீடுதான் இன்னும் கெடைக்கல."

கல்யாணமான மறுநாளிலிருந்து நைனா விசாரணையை என் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் துணி கொடுக்கும்போதெல்லாம், "பொண்ணு நல்லா கீதா? அழ வெச்சியா?" என்பார். அவருக்குப் பதில் சொல்லவேண்டுமே என்ற பயத்திலேயே தட்டில் கை கழுவுவதை விட்டேன்.

இப்போது கண் மங்கி, பள்ளிப்பட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒரு ஞாயிறு பஸ் பிடித்துப் போகிறேன். போனதும் என் சட்டையை விரலால் தடவிப் பார்ப்பார். "யார் இஸ்திரி போட்டது? காலர் கோணலா கீது."

"நான்தான் நைனா."

"அதான பாத்தேன். பொண்ணு நல்லா கீதா?"

"நல்லா இருக்கா நைனா."

இந்த ஒரு கேள்வியைக் கேட்க அவர் இருக்கும்வரை, நான் காலரைக் கோணலாகவே தேய்த்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.