றைட் அண்ணையும் விழுகிற கட்டைகளும்

மேலேயிருந்து ஒரு கட்டை விழுகிறது. அதைத் திருப்பி, கீழே இருக்கிற இடைவெளியில் பொருத்த வேண்டும். ஒரு வரிசை முழுதாக நிரம்பினால் அது மறைந்துவிடும். உடனே அடுத்த கட்டை. கதை இல்லை, முடிவு இல்லை, வென்றவருக்கு ஒரு கைதட்டல்கூட இல்லை. இதில் அப்படி என்னதான் இருக்கிறது? எவ்வளவு யோசித்தும் எனக்கு இன்னும் பதில் பிடிபடவில்லை. பதில் தெரிந்த மனிதரிடமே கேட்கலாம் என்றால், கட்டை விழுகிற நேரத்தில் அவர் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை. கட்டையோ எந்த நேரமும் விழுந்துகொண்டே இருக்கிறது.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை தேடினாலும், தோல்வியை இவ்வளவு அலட்சியமாக நடத்துகிற இன்னொருவரைக் காண முடியாது. அவருடைய பெயர் அடையாள அட்டையில் இருக்கும். எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், அது யாருக்கும் தெரியாது. முல்லைத்தீவு பஸ்ஸில் கொண்டக்டர். டிவி விளையாட்டில் ஒரு வரிசை நிரம்பி மறைகிற ஒவ்வொரு முறையும், பஸ்ஸை எடுக்கச் சொல்வது போல "றைட்!" என்று ஒரு சத்தம் வைப்பார். அதனால் அவர் றைட் அண்ணை.

நான் பள்ளிக்கூடம் போய்வந்த நாட்களில், எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வந்த புதிதில், அவர் சந்தியடியில் ஒரு டிவி கேம் கடை போட்டார். தகரக் கொட்டில், இரண்டு பழைய டிவி, கொஞ்சக் கசெற். டாங்கியால் சுடுகிற விளையாட்டு, விமானம் ஓட்டுகிற விளையாட்டு, தொப்பி போட்ட குள்ளன் ஒருவன் சும்மா குதித்துக்கொண்டே போகிற விளையாட்டு, பிறகு இந்தக் கட்டை விளையாட்டு. பெண்பிள்ளைகள் நாங்கள் உள்ளே போவதில்லை. சைக்கிளை மெதுவாக்கி எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆனால் எட்டிப் பார்த்த அந்த நேரத்துக்குள்ளேயே விளையாட்டு முழுவதும் விளங்கிவிடும். சுடு, குதி, ஓடு, செத்துப்போ, திரும்பத் தொடங்கு. ஆங்கிலம் தெரிந்தவனும் தோற்றான், தெரியாதவனும் தோற்றான். தோற்ற மறுகணமே புதிதாகத் தொடங்கலாம், ஏன் தோற்றாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். திரும்பத் தொடங்குவது அவ்வளவு லேசாக இருந்த வேறொரு காரியம் அந்த நாட்களில் எங்கள் ஊரில் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. கடை நிரம்பி வழிந்தது.

அந்தக் கடையும் மூடப்பட்டது. காரணம் முதலாளி. "உங்களுக்கு அடுக்கத் தெரியேல்ல, தாங்கோ இஞ்ச" என்று பையன்களிடமிருந்து ரிமோட்டை வாங்குவார். பின்னேரம் வரை அது திரும்பி வராது. காசு கொடுத்தவர்கள் பின்னால் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் வருவதையே விட்டுவிட்டார்கள். அண்ணைக்கு அது பெரிய நிம்மதியாகப் போனதாம்.

பிறகு பஸ்ஸுக்குப் போனார். கல்யாணம் கட்டி நான் வந்தது அவருடைய பக்கத்து வீட்டுக்கு. போன வருடம் பஸ் மிதிபலகையில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டு, மாவுக்கட்டோடு வந்து கதிரையில் இருந்தார். இன்னொரு கதிரையில் காலைத் தூக்கி வைத்தார். கடை மூடியபோது மிஞ்சிய டிவி கேம் பெட்டி ஒன்றைத் தூசி தட்டி டிவியில் செருகினார்.

"கால்தான் உடைஞ்சது எண்டு நினைச்சன் தங்கச்சி. மண்டையும் சேந்து உடைஞ்சிருக்கு" என்றா அவருடைய மனைவி சாந்தி அக்கா.

விளையாட்டை இடையில் நிறுத்தி வைக்க ரிமோட்டில் ஒரு பொத்தான் உண்டு. சாந்தி அக்கா சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற போதெல்லாம் வந்து அதை அழுத்துவா. அண்ணை ஒருநாள் குறடு ஒன்றை எடுத்து அந்தப் பொத்தானைக் கழற்றி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு ஊட்டித்தான். அவருக்கு ஒரே இலக்கு. புள்ளி காட்டுகிற இடம் முழுவதும் ஒன்பதுகளாக நிரம்ப வேண்டும்.

"அதுக்கு அங்கால என்ன வருதெண்டு பாக்கவேணும்" என்பார். "ஒண்டும் வராது" என்பா சாந்தி அக்கா. "அதையும் பாக்கத்தானே வேணும்" என்பார்.

எனக்கு அப்போது சிரிக்கிற மனநிலை இல்லை. என் மகள் நிவேதா மூன்று வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள், ஒரு சொல் பேசவில்லை. காது நல்லாக் கேட்கும். சொன்னது விளங்கும். தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப் போவாள். வாய் மட்டும் திறக்காது. கிளினிக்கில் பிள்ளைகளைப் பார்க்கிற மிஸ் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "டிவி, ஃபோன் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ அம்மா. பிள்ளையோட கதையுங்கோ" என்றா. நான் சொன்னதைச் செய்கிற ஆள். ஃபோனை அலுமாரிக்கு மேலே வைத்தேன். டிவியைப் படுக்கை விரிப்பால் மூடினேன். காலையிலிருந்து இரவு வரை கதைத்தேன். "இது கத்தரிக்காய், அம்மா வெட்டுறன், இது வெங்காயம், அம்மா அழுறன்." நான் கூடுதலாகக் கதைக்கிறேனோ, அவளுக்கு இடம் விடவில்லையோ என்று இரவில் யோசிப்பேன். அடுத்த நாள் குறைத்துக் கதைப்பேன். பிறகு குறைத்ததுதான் பிழையோ என்று யோசிப்பேன்.

மகள் என்னைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, வேலியின் ஓட்டைப் பொட்டுக்குள்ளால் நுழைந்து றைட் அண்ணை வீட்டுக்குப் போய்விடுவாள்.

அந்தப் பொட்டைத் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்தேன். இன்னொரு பொட்டுக் கண்டுபிடித்தாள். அதையும் அடைத்தேன். மூன்றாவதை அவளே உண்டாக்கினாள். ஒவ்வொரு முறையும் அவளை நான் கண்டெடுத்த இடம் ஒன்றுதான். அண்ணையின் கதிரைக்குப் பின்னால், டிவிக்கு நேரே. அண்ணைக்கு அவள் அங்கே இருப்பது தெரிந்ததாகவே தெரியவில்லை. ஒரு சொல் அவளுடன் கதைத்ததில்லை. அவர் கதைத்ததெல்லாம் கட்டைகளோடு, 'திருப்பு', 'விழுது' என்று.

கடைசியில் ஒருநாள் துணிந்து முறையிடப் போனேன்.

"அண்ணை, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்க ஏலுமோ? பிள்ளை இஞ்சயே ஓடி வாறாள்."

"எந்தச் சத்தம் பிள்ளை? டிவியை ஊமையாக்கியெல்லோ வச்சிருக்கிறன்."

உண்மைதான். டிவியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"உங்கட சத்தம் அண்ணை."

"பொறு பிள்ளை, தடியன் ஒருத்தன் ஏறுறான்." ஒரு சதுரக்கட்டை இறங்கிக்கொண்டிருந்தது. "இவரை மூலையில இருத்தாட்டி எல்லாருக்கும் இடைஞ்சல். உள்ளுக்குப் போங்கோ ஐயா, உள்ளுக்கு இடம் கிடக்கு! ஆ, றைட்!" வளைந்த கட்டை ஒன்று வந்தது. "இவர் கதவடியை விட்டு அசையமாட்டார். தெரிஞ்ச ஆள்தான். முன்னுக்குப் போங்கோ எண்டு சொல்லுறன், காது கேக்கேல்லையோ?"

"அந்த ஓரத்தில ஏன் அண்ணை வெறுமையா விட்டிருக்கிறியள்?"

"அது நெட்டையனுக்கு. நீளக்கட்டை வருவார். அவர் வந்து இருந்தால் நாலு வரிசை ஒரேயடியாப் போகும்."

"வராட்டி?"

"வருவார். எந்த பஸ்ஸிலயும் ஒரு நெட்டையன் வருவார்."

நெட்டையன் வரவில்லை. கட்டைகள் ஏறிக்கொண்டே போயின. நான் கதிரைக்குக் கிட்டப் போனேன். "அண்ணை, இடப்பக்கம்!" "தெரியும் பிள்ளை." "தெரிஞ்சால் ஏன் வலப்பக்கம் விடுறியள்? இடப்பக்கம் எண்டு சொல்லுறனெல்லோ!" நான் கத்துவது எனக்கே கேட்டது. நெட்டையன் வந்து இறங்கியபோது நானும் "றைட்!" என்றேன். வீட்டில் அரிசி அடிப்பிடித்த மணம் வேலி தாண்டி வந்தபோதுதான், எதற்கு வந்தேன் என்பது ஞாபகம் வந்தது.

கணவருக்கு வவுனியாவில் வேலை, சனி ஞாயிறுதான் வீடு. ஃபோனில் சொன்னபோது, "கிளினிக் மிஸ் சொன்னது ஒண்டு, நீர் செய்யிறது ஒண்டு" என்றார். நியாயம்தான். அன்றே நாலாவது பொட்டையும் அடைத்தேன்.

அது நடந்தது ஒரு வெயில் காலைப்பொழுதில். கரண்ட் கம்பிக்குத் தட்டுப்படுகிற வேப்பங்கொப்புகளை வெட்ட மின்சார சபையிலிருந்து இரண்டு தம்பிமார் வந்தார்கள். லைனை நிறுத்தப் போவதாக ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள். சாந்தி அக்கா ஓடி வந்தா.

"ஐயோ தம்பி, இப்ப நிப்பாட்டாதேங்கோ! விடிய வெள்ளன தொடங்கின விளையாட்டு. ஒன்பது நிரம்பப் போகுதாம். நிண்டுதெண்டால் நீங்கள் போயிடுவியள், இந்த மனுசனோட இருக்கப்போறது நான்!"

தம்பிமாருக்கு விளங்கவில்லை. விளங்கவென்று உள்ளே வந்தார்கள். அதுதான் அவர்கள் செய்த பிழை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மற்றவர், "அண்ணை, அதை வலப்பக்கம் விடுங்கோ" என்றார்.

"நீர் போய்க் கொப்பைப் பாரும் தம்பி."

"இல்லை அண்ணை, வலப்பக்கம்தான் சரி!"

"இடப்பக்கம்!" என்றா, இந்த விளையாட்டையே வெறுக்கிற சாந்தி அக்கா.

மகளைத் தேடி வந்த நானும் கதவடியில் நின்று, "நடுவில விடுங்கோ அண்ணை!" என்று கத்தினேன். கட்டைகள் பைத்தியம் பிடித்தது போல் விழுந்துகொண்டிருந்தன. எல்லோரும் ஒவ்வொரு பக்கம் சொன்னோம். ஒருவருக்கும் சரியானது தெரியவில்லை.

கதிரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"திப்பு!"

'திருப்பு' என்பதில் 'ரு' வரவில்லை. ஆனால் அது சொல். என் மகளின் சொல்.

அண்ணையின் விரல் சொன்னபடி திருப்பிவிட்டது. கட்டை கச்சிதமாகப் போய் அமர்ந்தது. வரிசை மறைந்தது. அவர் "றைட்" சொல்லவில்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். எத்தனையோ மாதம் அங்கேயே இருந்த பிள்ளையை அன்றைக்குத்தான் கண்டவர் போல.

"இவவோ சொன்னவ?"

நான் தலையை ஆட்டினேன்.

அவர் ரிமோட்டை மடியில் வைத்தார். நிறுத்தி வைக்கிற பொத்தான் இல்லாத ரிமோட். முதுகுக்குப் பின்னால் கட்டைகள் கண்டபடி விழத் தொடங்கின. "பிள்ளை, இன்னொருக்காச் சொல்லு பாப்பம்."

மகளுக்கு அவரைப் பார்க்க நேரமில்லை. டிவியைக் காட்டினாள். "விது! விது!" என்று பதறினாள்.

"விழட்டும். நீ சொல்லு."

கட்டைகள் உச்சியைத் தொட்டன. எல்லாம் முடிந்தது. ஒன்பதுகளுக்கு அப்பால் என்ன வரும் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. சாந்தி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தா. நான் மகளைத் தூக்கிக்கொண்டு அழுதேன். தம்பிமார் இருவரும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்கள். அண்ணைதான் முதலில் தெளிந்து, "இப்ப ஏன் நிக்கிறியள்? போய் நிப்பாட்டுங்கோவன் உங்கட கரண்டை!" என்று அவர்கள்மேல் பாய்ந்தார்.

கணவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"'அப்பா' எண்டவளோ?"

"இல்லை. 'திப்பு' எண்டவள்."

"அது என்ன?"

"வீட்ட வாங்கோ, சொல்லுறன்."

பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஃபோனில் ஓடுகிற படங்கள் ஓயாமல் கதைக்கும். பிள்ளை வாயைத் திறக்க அங்கே இடமில்லை. கட்டை விளையாட்டோ ஊமை. பார்க்கிறவர்கள்தான் கதைக்க வேண்டும். யாராலும் கதைக்காமல் பார்க்க முடியாது, சாந்தி அக்காவாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. சந்திக் கடை நிரம்பி வழிந்ததற்கும் அதுதான் காரணமோ? அல்லது ஒரு தாய் தன் வசதிக்கு ஏற்றபடி கண்டுபிடித்த காரணமோ? சொல்லத் தெரியவில்லை.

அடுத்த கிளினிக் நாள் வருவதற்குள் மகள் சொல்லுக்குச் சொல் சேர்த்துக்கொண்டே போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடு போனேன். வாங்குப் பலகையில் தாய்மார் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் வாசலில் நின்று எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.

"முன்னுக்குப் போங்கோ! உள்ளுக்க இடம் கிடக்கு!"

நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் உண்மையிலேயே தள்ளி இருந்தா. மிஸ் எழுந்து வந்து, "இந்தப் பிள்ளைதானே கதைக்காமல் இருந்தது? ஆர் பழக்கினது?" என்றா. சொன்னேன். பஸ், மாவுக்கட்டு, கட்டைகள், டிவி என்ற சொல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் எழுதுவதற்குப் பேனையைத் திறந்தா. பிறகு மூடிவிட்டு, "இதை நான் எங்க எழுதுறது? ஒரு மாசம் பாப்பம்" என்றா.

இப்போது பிரச்சினை இதுதான். அண்ணையின் கால் தேறிவிட்டது. அடுத்த மாதம் பஸ்ஸுக்குத் திரும்புகிறார். நேற்று அந்தப் பெட்டியை வயரெல்லாம் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். "நான் இல்லாட்டிப் பிள்ளை பாவம். வச்சிருங்கோ" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கணவர் வேண்டாம் என்கிறார். எனக்கும் பயம்தான். பெட்டியை எங்கள் டிவியில் செருகலாம். பக்கத்தில் இருந்து கத்துகிற மனிதரை எங்கே செருகுவது? நான் கத்திப் பார்த்தேன், எனக்கு அந்தக் குரல் வரவில்லை. காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு அவருடைய பஸ்ஸில் முல்லைத்தீவு போய்த் திரும்பி வரலாமா என்றும் யோசிக்கிறேன். சிரிக்காதீர்கள்.

பிள்ளை வளர்த்தவர்கள், பேசப் பிந்திய பிள்ளையை வைத்திருந்தவர்கள் யாராவது எழுதுங்கள். பெட்டியா, பஸ்ஸா? அண்ணை வேலைக்குப் போகிறதற்கு முன் எழுதினால் நல்லது. வேலிக்கு அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டால், அதைத் தாங்கமாட்டாமல் போகப்போவது மகளா நானா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.