மேனாம்பேட்டை ஆண்ட தொரை

இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து நாற்பது வருஷம் ஆன பிறகும், அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஒரு வீட்டில் மட்டும் வெள்ளைக்காரன் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. நம்பாதவர்கள் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அந்த வெள்ளைக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'தொரை'. ஆள் என்னைவிடக் கறுப்பு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு ஒரே கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டியவர்.

ஒரே மகள் செல்விக்கு நாட்டின் சரித்திரத்தைச் சொல்லிக்கொடுக்க அவர் கண்டுபிடித்த வழி அது. படித்தால் பரீட்சையோடு மறந்துபோகும், பட்டால்தான் மனதில் நிற்கும் என்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, பிளாஸ்டிக் கூடையைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு, சொந்த வீட்டையே பிடித்து ஆள ஆரம்பித்துவிடுவார்.

ஒரு வாரம் உப்புக்கு வரி போட்டார். உப்பு ஜாடி கட்டிலுக்கு அடியில் சிறை போனது. ஏழு வயது செல்வி தெருப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு ஊர்வலமாக வந்து, எங்கள் வீட்டு உப்பை ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனாள். இன்னொரு வாரம் அந்நியத் துணி பகிஷ்காரம். சிங்கப்பூரிலிருந்து தொரையின் மச்சான் கொண்டுவந்து கொடுத்த சட்டையை அவள் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். தொரையின் மனைவி துடைப்பத்தைத் தேட, அவரோ மகளுக்கு எவ்வளவு நன்றாகப் புரிந்துவிட்டது பார் என்று தெரு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்.

செல்வியின் கடைசி ஆயுதம் உண்ணாவிரதம். அவள் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால், சோறு ஆறுவதற்குள் ஆட்சி கவிழ்ந்துவிடும். கூடையைக் கழற்றி வீசிவிட்டு, கேட்டதையெல்லாம் கொடுத்து, ஊட்டியும் விடுவார். இப்படி வாராவாரம் சுதந்திரம் வாங்கிய நாடு வேறு எதுவும் இருக்க முடியாது.

பிறகு முதலாளி எங்கள் கம்பெனியைப் பூட்டிவிட்டார். மாதக்கணக்கில் கேட் திறக்கவில்லை. எதிரே பந்தல் போட்டு உண்ணாவிரதம் என்று சங்கத்தில் முடிவானபோது, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர் தொரைதான்.

"மொதலாளியும் மன்சன்தானே. எறங்கி வருவாரு" என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார். பாவம், அதை அவர் நிஜமாகவே நம்பினார்.

முதலாளியின் கார் பந்தலைத் தாண்டிப் போனது, வந்தது. கண்ணாடிகூட இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தொரையின் மனைவி செல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அப்பா உட்கார்ந்ததிலிருந்து குழந்தையும் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லையாம். அடித்தும் பார்த்தாராம், கெஞ்சியும் பார்த்தாராம். கையில் மோர்ச் சோறு டப்பா. குழந்தையின் உதடு வெடித்திருந்தது.

தொரை அவளை மடியில் வாங்கிக்கொண்டு சாப்பிடச் சொன்னார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"மொதலாளி வந்துருவாரு நைனா. ஊட்ல நான் துன்னலன்னா நீ எறங்கி வந்துருவ இல்ல, அந்த மாரி."

தொரை அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஊட்ல தொரையா இருந்தது உன் நைனா, கண்ணு. அதான் எறங்கி வந்தேன். இந்த மொதலாளி உனுக்கு இன்னா ஒறவு?"

சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து, எங்கள் அத்தனை பேர் எதிரிலும் முதல் வாயைத் தான் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். அவர் ஊட்டிக்கொண்டே அழுதார். விரதத்தை முறித்துவிட்டார் என்று சங்கத்தில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. எங்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

கேட் கடைசிவரை திறக்கவே இல்லை. தொரை காட்டுப்பாக்கம் பக்கம் ஏதோ பட்டறையில் வேலை கிடைத்துக் குடிபோய்விட்டார் என்றார்கள். அப்புறம் அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால், லேத் சத்தம் கேட்கிற வாசலிலெல்லாம் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.