கறுப்புத் திரைக்கு வண்ணம் பூசிய வரலாறு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளும்படி உலகத்தில் நடந்த ஒரே காரியம், எங்கள் அலுவலகத்தின் நகல் நிரல் வண்ணத்தில் பேசத் தொடங்கியதுதான். அந்தப் புரட்சியை நடத்திய ‘வண்ணக் குழு’வின் செயலாளர் அடியேன்.

ஆஸ்பத்திரிகளின் பரிசோதனை முடிவுகளைத் தினமும் நகலெடுத்துப் பத்திரமாக வைப்பது எங்கள் தொழில். அதற்கான கணினி நிரலுக்குப் படமோ பொத்தானோ இல்லாத கறுப்புத் திரை. கட்டளையைத் தட்டினால் வெள்ளை எழுத்தில் ‘நகல் வெற்றி’ அல்லது ‘நகல் தோல்வி’ என்று பதில் வரும். புதிதாக வந்த மேலாளருக்கு அது பொறுக்கவில்லை.

“என்னய்யா இது, இழவு வீடு மாதிரி! கலர் வேணாமா?”

குழு ஏழு முறை கூடியது. அதில் நான்கு கூட்டங்கள் இலைப்பச்சையா கிளிப்பச்சையா என்பதற்கே சரியாகப் போயின. ஏழாவது கூட்டத்தில் மேலாளர் ஒரு தத்துவத்தை உதிர்த்தார்: “வண்ணமே பேசும்போது வார்த்தை எதுக்கு?” வெற்றியும் தோல்வியும் அன்றே நீக்கப்பட்டன. இனி ‘நகல்’ என்று மட்டும் வரும். பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் கெட்டது.

கீழ்த்தளத்தில் ஒன்பது வருஷமாக நகல் இயந்திரத்தைக் கவனித்துவந்த பெண்மணியை எல்லோரும் அக்கா என்போம். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் அவருக்கு வேலை. அந்தக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார்.

“சார், என் மெஷின் பழசு. அதுல கலரே வராது. அந்த ரெண்டு வார்த்தையையாவது விட்டு வைங்க சார்.”

“காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும் அக்கா!” என்றார் மேலாளர். கை தட்டினோம். நான் சற்றுப் பலமாகவே தட்டினேன்.

அலுவலகத்தில் இருக்கிற மூன்று வகைக் கணினிகளிலும் நிரல் ஓடும் என்று அறிக்கை எழுதினேன். ஓடத்தான் செய்தது. மேலாளர் திரையில் ஜொலித்தது, நிரலை எழுதிய நிரலாளர் திரையில் மின்னியது. அக்காவின் திரையில் வண்ணத்துக்கான கட்டளையே எழுத்தாக வந்து விழுந்தது: ‘[32m நகல்’, ‘[31m நகல்’. அவர் இரண்டே நாளில் புரிந்துகொண்டு, ‘32 நல்லது, 31 கெட்டது’ என்று சீட்டெழுதித் திரையோரம் ஒட்டிவிட்டார்.

நிரலாளர் அதைப் பார்த்துப் பதறிப்போனார். “ஐயோ, இவ்வளவு குப்பை வருதே! சொல்லவே இல்லையே அக்கா?”

“அந்தக் குப்பையை வச்சுத்தான் தம்பி என் பொழப்பே ஓடுது. கை வச்சுடாதே!”

“நான் எதுக்கு இருக்கேன்?” என்று ஒரே வரியில் சரிசெய்துவிட்டார். அன்றிலிருந்து அக்காவின் திரை சுத்தமானது. என்ன நடந்தாலும் ‘நகல்’ என்று மட்டும் வந்தது.

அக்கா மூச்சிரைக்க மாடியேறி என்னிடம் வந்தார். “நேத்து நகல் ஆச்சா ஆகலையான்னே தெரியலைங்க.” எழுத்தில் கொடுங்கள், அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்றேன். கொடுத்தார். அடுத்த கூட்டம் முழுக்க ‘எச்சரிக்கை’க்கு ஆரஞ்சு பொருந்துமா என்பதில் போய்விட்டது.

பிறகு ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் கணினி படுத்துக்கொண்டது. நகலைக் கேட்டார்கள். பதினொரு நாள் நகலே இல்லை. “அத்தனை குழந்தைங்களுக்கும் மறுபடி ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்றீங்களா?” என்று டாக்டர் தொலைபேசியில் கத்தினார்.

விசாரணை நடந்தது. மேலாளர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். பதினொரு வரிகள், செக்கச்செவேலென்று.

“எவ்வளவு தெளிவா இருக்கு! கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“உங்க திரையில சிவப்பு சார். என் திரையில நல்லதும் வெள்ளை, கெட்டதும் வெள்ளை.” அக்கா அந்தச் சிவப்பு வரிகளைச் சுட்டிக் காட்டினார். “பதினோரு நாளா உங்க ரூம்ல சிவப்பா எரிஞ்சிருக்கே, நீங்க ஏன் சார் பாக்கலை?”

கேள்வி தலைப்புக்குப் புறம்பானது என்று பதிவுசெய்தேன்.

அக்காவுக்குக் கடிதம் தயாரிக்கும் பொறுப்பும் எனக்கே கிடைத்தது. “தலைப்பைச் சிவப்புல போடட்டுமா சார்?” என்று பணிவோடு கேட்டேன்.

“கலரும் வேணாம், கிலரும் வேணாம். ‘வேலையிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்’னு வார்த்தையாவே போடு. அவங்க மெஷின்ல திறந்தாலும் புரியணும்ல?”

போட்டேன். எந்த இயந்திரத்தில் திறந்தாலும் புரிகிற மாதிரி எழுத எங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.