சேத்துப்பட்டு வண்டியை நானே ஓட்டினேன்

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் தசரதன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை பாஞ்சாலையின் கணவன் மாணிக்கவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சௌக்கியம். கம்ப்யூட்டர் மட்டும் சௌக்கியமில்லாமல் கிடந்து, இப்போது தேறியிருக்கிறது. சேத்துப்பட்டில் தாங்களும் வீட்டாரும் முழங்கால் வலி முதலான தொந்தரவுகள் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

போன மாதம் உங்கள் பேத்தி காதுகுத்தில், பந்தி முழுக்கக் கேட்கும்படி ஒரு வார்த்தை சொன்னீர்கள். "இருபத்தாறு வருஷம் என் வண்டியில கண்டக்டரா இருந்தாரு. ஸ்டியரிங்க குடுத்தா டிப்போ கேட்டைத் தாண்டமாட்டாரு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வாயில் இருந்த வடை உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெங்களூரில் இருக்கும் என் மகள் சுகன்யாவுக்குப் போன் போட்டு, அவள் காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் பரண்மேல்தானே இருக்கிறது, அதில் பஸ் ஓட்டுகிற கேம் ஒன்று போட்டுக் கொடு என்றேன். அவளும் வந்து போட்டுக் கொடுத்தாள். ஏதோ வெளிநாட்டு ரோடு. ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை. கிளம்புகிற இடத்துக்கு ஆரணி என்றும், போய்ச் சேருகிற இடத்துக்குச் சேத்துப்பட்டு என்றும் நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

வண்டிய எடுத்தா, மச்சான், ஓடல, தவளை மாதிரி தாவுது. நான் பிரேக் போட்டா அது யோசிச்சிட்டு அப்புறமா நிக்குது. அதுக்குள்ள பஸ்சு ஒரு டீக்கடைக்குள்ள பூந்துடுது. மூணு நாள்ல அதே கடைய பதினாலு வாட்டி இடிச்சேன். சுகன்யா போன்லயே, பின்னாடி வேற என்னென்னமோ ஓடிகினு இருக்கும், அதெல்லாம் மூடுங்கப்பான்னா. மூடினேன். படத்த சின்னதாக்குங்கன்னா. ஆக்கினேன், போர்டுல எழுதியிருக்கறது ஊர் பேரா, எறும்பு வரிசையான்னு தெரியல. பேஜாராயி பஸ் ஸ்டாண்டாண்ட கடை வச்சிருக்கற பிரவீண கூட்டியாந்தேன். அவன் பக்கவாட்டு மூடிய கழட்டி உள்ள டார்ச் அடிச்சு காட்டினான். பக்கத்து வீட்டு சந்திரமோகனோட பவர்லூம் தூசி அத்தனையும் நம்ம கம்ப்யூட்டர் ஃபேன்லதான் குடியிருந்திருக்குது. பூனைக்குட்டி அளவுக்கு பட்டுப் பஞ்சு. ஃபேன் சுத்தாம சூடாயி, அதனாலதான் மெதுவா போவுது சார்னான். தூசிய எடுத்துட்டு, கூட ஒரு ரேமும் போட்டான். உங்க தங்கச்சி, இந்த வீட்டுல எனக்கு இருக்கற ஒரே பட்டு இதுதான்னு அந்தப் பஞ்ச எடுத்து டப்பால போட்டு வச்சிருக்கறா.

அப்பவும் கேம்ல வர்ற சந்தைகிட்ட வந்தா வண்டி திக்குது. செட்டிங்ஸ்ல ஒவ்வொண்ணா அணைச்சேன். நிழல் போச்சு, மரம் போச்சு, மேகம் போச்சு, எதுக்க வர்ற லாரி போச்சு. கடைசியா ஆளுங்களயும் அணைச்சதும் வண்டி வெண்ணெய் மாதிரி போச்சு மச்சான். போயி ஸ்டாப்புல நிறுத்தறேன், ஒரு ஜனம் இல்ல. கதவ தொறந்தேன், மூடினேன். அடுத்த ஸ்டாப்பு, அங்கயும் இல்ல. வேலைல இருந்தப்ப கூட்டத்தப் பாத்து எவ்ளோ திட்டியிருக்கறேன், ஆனா காலி வண்டில போவ எனக்கு கையே வரல. திரும்பிப் போயி ஆளுங்கள போட்டுட்டு, அதுக்கு பதிலா வீடுங்க, கோயிலு, மலை எல்லாத்தயும் எடுத்துட்டேன். இப்ப ஊரே இல்ல. வெட்டவெளி, ஒரு ரோடு, அங்கங்க ஜனம் மட்டும் பையோட நிக்குது. போதும் எனக்கு.

நேத்து காலைல சாமி கும்பிட்டு எடுத்தேன். ஒரு உரசல் இல்ல, வளைவுல எல்லாம் அப்படி ஒரு திருப்பு, ஜல்தியா அதே நேரம் பதமா, கடைசில சேத்துப்பட்டுல ரிவர்ஸ் போட்டு நிறுத்தினேன். பாஞ்சாலை செல்போன்ல படம் புடிச்சிகினே, எங்க அண்ணன்கூட இப்படி ஓட்டினதில்லன்னா. இத அவ வாயால சொன்னான்றத குறிச்சிக்கோங்க. வர்ற ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்து வீடியோவ பாத்துட்டு, பந்தில சொன்ன வார்த்தைய எங்க வீட்டு சாப்பாட்டுலயே வாபஸ் வாங்கிக்கணும்.

மற்றபடி பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரமும், காது குத்திக்கொண்ட குழந்தைக்கு எங்கள் ஆசியும் உரித்தாகட்டும்.

தங்கள் அன்புள்ள,
மாணிக்கவேல்
(ஓட்டுநர்)

பி.கு: கவர் ஒட்டும்போது சுகன்யா போன் பண்ணா. வீடியோ பாத்தாளாம். மேல மூலைல பச்சையா ஒரு விளக்கு எரியுதேப்பான்னா. கம்ப்யூட்டர் ரொம்ப சுமாரா இருந்தா வண்டி தன்னாலயே ஓடிக்கற மாதிரி ஒரு வசதி இருக்குதாம். ஒவ்வொண்ணா அணைக்கும்போது நான் அத மட்டும் போட்டுட்டேனாம். வளைவு, ரிவர்ஸு எல்லாமே அதுதானாம். கதவ தொறந்து மூடி ஆள ஏத்தினது மட்டும் நான். அதுல ஒரு குறை இல்லன்னு அவளே சொல்லிட்டா. எப்படியும் ஞாயித்துக்கிழமை வாங்க. டிரைவர் சீட்டு காலியாதான் இருக்குது.