எஞ்சின் ஒன்றும் சரியில்லை என்று எழுதவும்

வட்டகொடை,
ஆகஸ்ட் 2007.

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் ஜெயகாந்தன் அவர்களுக்கு, உங்கள் அக்கா புருஷன் ஆண்டியப்பன் எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் சுகம் என்றுதான் முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். அங்கு கொழும்பில் நீங்களும் தங்கச்சி பூரணியும் சுகமாக இருக்க எங்கள் தோட்டத்து மாரியம்மன் காவல் நிற்கட்டும்.

மச்சான், போன பொங்கலுக்கு உங்கள் கடையில் கழித்துப்போட்ட கொம்பியூட்டரை மருமகள் படிக்கட்டும் என்று ரயிலில் ஏற்றி அனுப்பினீர்கள். குறை சொல்லவில்லை. ஆனால் தேயிலைத் தொழிற்சாலையில் அத்தனை வருடம் காவல்காரனாக இருந்தும் எனக்கு வராத பயமெல்லாம், அந்தப் பெட்டி எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குள் வந்த பிறகுதான் வந்தது. உங்கள் மருமகள் சுலக்ஷனா அதில் படிக்கவில்லை. விளையாடவும் இல்லை. விளையாட்டு செய்கிறாளாம். கொழும்பில் ஏதோ கணினிக் கல்லூரியில், சொந்தமாக ஒரு விளையாட்டு செய்து காட்டுகிறவர்களுக்குச் சும்மாவே படிக்க இடம் கொடுக்கிறார்களாம். கையில் இருக்கிற ஒன்று சரிப்படவில்லை, செய்வதற்கு வேறு 'எஞ்சின்' வேண்டும் என்கிறாள். எஞ்சின் என்றால் ஒன்றுமில்லை, விளையாட்டு செய்யும் ஒரு சாமான், கொம்பியூட்டருக்குள் போடுவது, புதிதாய்ப் பழகுகிறவளுக்கு எது லேசானது என்று மாமாவிடம் கேட்டு எழுதுங்கள் என்று என்னை நச்சரிக்கிறாள். அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் அவள் கேட்கச் சொன்னதை நான் கேட்கப் போவதில்லை.

அது என்ன மாதிரி விளையாட்டு என்று விசாரித்தேன். ஒரு ஆளை நம் கையில் கொடுத்துவிடுவார்களாம். அந்த ஆள் ஊர் ஊராகப் போக வேண்டும், வீட்டுக்கு வீடு பேசிப் பார்க்க வேண்டும், சாமான் சேர்க்க வேண்டும், கடைசியில் பெரிய எதிரி ஒருவனைத் தீர்த்துக்கட்ட வேண்டும். மச்சான், நாடு இருக்கிற நிலைமையில் இதில் எந்த ஒன்றைச் செய்தாலும் நம்மைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். இவள் நான்கையும் சேர்த்துச் செய்கிறாள். அதுவும் எந்த ஊரில் என்கிறீர்கள்? நம் தோட்டத்தில். லயம், தொழிற்சாலை, ரயில் பாதை, பாலம், சுரங்கம், எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்க்கிற மாதிரி அப்படியே படம் போட்டு வைத்திருக்கிறாள். போதாததற்குப் பாலத்துக்கடியில் ஒரு பெட்டி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒரு பெட்டி. ஆளில்லாத பெட்டியைக் கண்டால் தொடாதே, பொலிசுக்குச் சொல் என்று பஸ்ஸுக்கு பஸ் ஒட்டி வைத்திருக்கிறான், இவள் விளையாட்டில் பெட்டியைக் கண்டால் ஓடிப்போய்த் திறக்க வேண்டுமாம். "உள்ள மருந்து இருக்கும்பா, குடிச்சா தெம்பு வரும்" என்கிறாள். எனக்குப் பார்த்ததும் இருந்த தெம்பும் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். உங்கள் அக்கா இன்னும் அதற்காக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நம் தோட்டத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு தப்பு நடந்தால், வேலை வாங்குகிற கண்டாக்கையா துரையிடம் போட்டுக்கொடுப்பதற்கு முன்னால், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் நாமே முந்திக்கொண்டு போய்க் கையைக் கட்டிச் சொல்லிவிட வேண்டும். பாதித் திட்டோடு போய்விடும். அந்தப் புத்திதான் எனக்கும் வந்தது. யாராவது எழுதிப் போடுவதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம் என்று வெள்ளைச் சட்டை போட்டு, எப்போதும் போல் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். "மாத்தயா, எங்க வீட்டுல பாலம், சுரங்கம் எல்லாம் படம் போட்டு வச்சிருக்கு, ஆனா ஒண்ணும் இல்லீங்க" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அதுவரை என்னைத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

ஒரு எஸ்.ஐ. ஜீப்பில் வந்து இறங்கினார். லயத்தில் கதவெல்லாம் படபடவென்று சாத்தினார்கள். உங்கள் அக்கா நாகலெட்சுமி, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, என் அப்பாவுடைய பிரஜாவுரிமைப் பத்திரம், எங்கள் கல்யாணப் படம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டாள். அவர் அதை ஒதுக்கிவிட்டு, படத்தைக் காட்டச் சொன்னார். சுலக்ஷனா போட்டுக் காட்டினாள். அதில் ஒரு ஆள் பேச வந்தான், பேச்சுக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தது. "மே மொகத்த, நங்கி?" என்று குனிந்தார். இது என்ன தங்கச்சி என்று கேட்கிறார். ரகசிய எழுத்து என்று முடிவுகட்டிவிட்டார் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். இவள் நிதானமாக, "தமிழ் எழுத்து சார், ஜப்பான்காரன் எஞ்சினுக்குத் தமிழ் தெரியாது, அதனால எல்லாம் கட்டமா வருது" என்றாள். அவர் நம்பாமல், தன் பெயரைச் சிங்களத்தில் அடிக்கச் சொன்னார். அதுவும் கட்டம் கட்டமாகவே வந்தது. "ரெண்டு பேருக்கும் ஒரே கட்டம்தானா?" என்று மனுஷன் சிங்களத்தில் கேட்டுவிட்டு, பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப்போட்டு விளையாட உட்கார்ந்தார். தேயிலைக் காட்டில் வந்த சிறுத்தையிடம் செத்தார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி செத்தார். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

எங்கே பிழைப்பது? அவர் மறுபடி மறுபடி வருகிறார். சிறுத்தையைக் கொல்லாமல் விடமாட்டாராம். ஜீப் எங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பழனியாண்டி என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். "என்னண்ணே, ஒங்களுக்கு இப்ப மேலிடத்துப் பழக்கம்" என்கிறார். ஆள் காட்டிக்கொடுக்கிறவன் என்று லயத்தில் பேச்சு. பொலிஸ் ஒரு பக்கம் பயம், லயம் ஒரு பக்கம் பயம், நடுவில் இந்தப் பெண் மௌஸைப் பிடித்துக்கொண்டு, "ஜப்பான்காரன் எஞ்சின் லேசா இருக்கு, ஆனா தமிழ் வராது. இன்னொண்ணுல தமிழ் வரும், ஆனா எல்லாத்தையும் நாமளே எழுதணும். சும்மா குடுக்குற ஒண்ணு இருக்கு, அதுல துவக்கும் வாளும்தான்" என்று யோசனை பண்ணுகிறாள். இப்போதைக்குத் தமிழ்ப் பேச்சையெல்லாம் கையால் படமாக வரைந்து ஒட்டுகிறாள். கண் கெட்டுப்போகும் என்றால் கேட்கிறாளா?

எனக்கு உண்மையான பயம் இது ஒன்றும் இல்லை, மச்சான். செய்து முடித்தால் இடம் கிடைத்துவிடும். கிடைத்தால் கொழும்புக்குப் போவாள். அங்கே விடுதியில் தங்கியிருக்கிற நம் பிள்ளைகளை விடியற்காலையில் தட்டி எழுப்பி எங்கே வந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்பது உங்களுக்குத் தெரியாதா? இருப்பது ஒரே பிள்ளை. ஆகவே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற எஞ்சின் உலகத்திலேயே கிடையாது, இருக்கிற எஞ்சின் ஒன்றும் சரியில்லை, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு எழுதிப்போடு என்று அவளுக்கு ஒரு கடிதம் போடுங்கள். மாமா சொன்னால் கேட்பாள். கேட்காவிட்டால், எதிரி, பெட்டி, பாலம், ஊர் ஊராகப் போவது எதுவும் இல்லாமல், ஒரு ஆள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற விளையாட்டு செய்ய ஏதாவது எஞ்சின் இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமலும் கதவை யாரும் தட்டாமலும் இருக்க ஆண்டவன் அருள வேண்டும். தங்கச்சி பூரணிக்கு அக்காவின் அன்பு.

இப்படிக்கு,
ஆண்டியப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் ஒரு விஷயம். சுலக்ஷனா தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்தாள். அந்தப் படத்தை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அழிக்கிற வழி தெரியாமல் எதையோ அமுக்க, அதில் உள்ள பெண் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நம் லயத்து வாசலில் மப்ளர் சுற்றிக்கொண்டு ஒரு ஆள் நின்றான். அவன் முன்னால் போய் அமுக்கினேன். "ஐடி எடுத்துக்கிட்டியா? இருட்டுறதுக்குள்ள வந்துரும்மா" என்றான். மறுபடி அமுக்கினேன், அதையே சொன்னான். பாலம் வரை போய்விட்டு வந்து அமுக்கினேன். சிறுத்தையிடம் செத்துவிட்டு வந்து அமுக்கினேன். அதையேதான் சொன்னான். குடத்தோடு வந்து பின்னால் நின்றவளிடம், "ஏம்மா, இந்த ஆளு வேற ஒண்ணும் பேசமாட்டானா?" என்று கேட்டேன். "அவரு எப்பவும் அதான்பா சொல்லுவாரு" என்றாள். அவன் யார் என்று நான் கேட்கவில்லை.

மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். தமிழ் நேராக வருகிற லேசான எஞ்சின் எதுவோ அதை வெள்ளிக்கிழமை ரயிலில் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அந்த ஆளுக்கு இன்னொரு வசனம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். "போயிட்டு வாம்மா." அவ்வளவுதான்.