மோட்டார் ஓடாத மூன்று நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகந்தானே? மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, போனும் செத்துக் கிடக்கிறது, அதனால்தான் கடிதம். "உடனே வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடுங்கள், தனியாக உங்களால் சமாளிக்க முடியாது" என்று நீ ஆரம்பிக்காதே. எவ்வளவு நன்றாகச் சமாளிக்கிறோம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, மாடித் தொட்டியில் இருப்பதுதான் தண்ணீர். முப்பது வருஷம் பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? பாத்ரூம் கதவில் கால அட்டவணை ஒட்டினேன். உன் அம்மா 6.10, நான் 6.25, ஆளுக்கு ஒரு ஃப்ளஷ். அதைப் படித்துவிட்டு அவள், "வயித்துக்குக் கடிகாரம் பாக்கத் தெரியுமா?" என்றாள். பிடிவாதக்காரர்களிடம் நான் வாய் கொடுப்பதில்லை. இரண்டாம் நாள், எதற்கும் இருக்கட்டுமென்று ஆளனுப்பிப் பிளம்பரை வரவழைத்தேன். மனுஷன் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்து, கரண்ட் வந்தால் ஓடும் என்று கண்டுபிடித்தார். அதோடு போய்த் தொலைந்திருக்கலாம். அட்டவணையில் இல்லாத நேரத்தில் பாத்ரூமுக்குள் போய் இரண்டு தடவை ஃப்ளஷ் இழுத்துவிட்டார். வேலை செய்யுதான்னு பாத்தாராம், தொழில் பழக்கமாம். மிச்சமிருந்த தண்ணீரும் போய்த் தொட்டி காலி. அந்த நேரம் பார்த்தா உன் அம்மா பின்பக்கக் குளியலறையில தலைக்கு ஷாம்பு போடணும்? தலை நிறைய நுரையோடு வந்து, நான் ஒளித்து வைத்திருந்த ஒரு வாளித் தண்ணீரைக் கேட்டாள். வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றினால் ஃப்ளஷ் மாதிரியே இழுத்துக்கொண்டு போகும், அது என் காலை வேலைக்கு வைத்தது என்று விளக்கினேன். துண்டால் துடைத்துக்கொண்டாள். முடி விறைத்து நிற்கிறது. அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, வீடே நிம்மதியாக இருக்கிறது. இன்று காலையிலிருந்து பின்னறைக் கதவு சாத்தியிருக்கிறது, தூங்குகிறாள் போலும்.

ஆகவே நாங்கள் எங்கும் வருவதாக இல்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
எதையும் சமாளிக்கும் உன் அப்பா

பி.கு.: பக்கத்து வீட்டுக்காரர் இப்போதுதான் வந்து சொன்னார், உன் அம்மா விடிந்ததும் பையோடு உங்கள் ஊர் பஸ் ஏறிவிட்டாளாம். அவள் இல்லாத வீட்டில் தண்ணீர் வந்துதான் என்ன? அடுத்த பஸ்ஸில் நானும் வருகிறேன், இந்தக் கடிதத்தை நானே கையில் கொடுத்துவிடுகிறேன். திட்டுவதெல்லாம் அப்புறம், முதல்ல பாத்ரூமைக் காட்டு.