டூர் இன்சார்ஜ்

“பன்னெண்டுக்குப் பன்னெண்டு” என்று திருப்பதி மூன்றாவது முறையாக எண்ணிவிட்டுச் சொன்னான்.

“நல்லா எண்ணுங்கண்ணே. எங்க பக்கம் கை கூடத் தெரியுது” என்றாள் ரெடிமேட் பிரிவு அன்புமொழி.

“தெரியும் தெரியும். ஆளுக்கு ரெண்டு கையத் தூக்கினா கூடத்தான் தெரியும்” என்றார் பட்டுப் பிரிவு ராசு.

புதுக்கோட்டைக் கடைத்தெருவில் மூன்று மாடி ஜவுளிக்கடை. கடை திறப்பதற்கு முன், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டு அறையில் இருபத்து நாலு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பாதிப் பேருக்குத் திருச்சிப் பக்கம் இருக்கும் ஜிலுஜிலு லேண்ட் ரிசார்ட்டுக்குப் போக வேண்டும். மீதிப் பாதிக்கு மதுரைப் பக்கம் இருக்கும் ராயல் டால்ஃபின் ரிசார்ட்டுக்கு.

இந்தக் கூத்து ஆனி மாதமே தொடங்கிவிட்டது. ஆடித் தள்ளுபடி நாட்களில் வார லீவை ரத்து செய்யக் கூடாது என்று இருபத்து நாலு பேரும் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் ஒரு மனு கொடுத்தார்கள். முதலாளி கோபப்படவே இல்லை. மனுவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

“லீவு என்னப்பா பெரிய லீவு! ஆடி முடியட்டும். முகூர்த்தம் இல்லாத ஞாயித்துக்கெழமையாப் பாத்து, கடையவே அடைச்சுப்புட்டு ஒங்களையெல்லாம் குடும்பத்தோட தீம் பார்க்குக்கு அனுப்புறேன். செலவு என்னுது. ஜிலுஜிலுவா, டால்ஃபினா, நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. ஆனா ஒத்துமையா, எல்லாரும் ஒரே மனசா ஒரு எடத்தைச் சொல்லணும். அது ஒண்ணுதான் நான் கேக்கிறது.”

அதோடு குரலைத் தாழ்த்தி, “மூணு கடை இருந்தாலும் இந்தக் கடைக்குத்தான் செய்றேன். அறந்தாங்கி, கறம்பக்குடிக் கடைக்காரங்க காதுல போட்டுறாதீங்க. பொறாமைப்படுவாங்க” என்றார். என்ன ஒரு மனசு! மனு அன்றைக்கே குப்பைக் கூடைக்குப் போயிற்று. ஆடி மாதம் முழுக்க ஒரு ஆள் ஒரு நாள் லீவு கேட்கவில்லை.

மேனேஜர் ரெங்கராஜ்தான் திருப்பதியை டூர் இன்சார்ஜ் ஆக்கினார். “ஒனக்குச் சண்டை போடத் தெரியாது. நீதான் இதுக்குச் சரியான ஆளு” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு திருப்பதி தன் சேலைப் பிரிவுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான்.

பண்டிகை என்றால் ஊரே வீட்டில் இருக்கும், ஜவுளிக்கடைக்காரன் மட்டும் கடையில் நிற்பான். திருப்பதியின் மகள் ஜனனிக்கு ஒன்பது வயது. அவளோடு அவன் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இருந்தது அவள் பிறந்த அன்றோடு சரி. அவனுக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை. அன்று அவளுக்குப் பள்ளிக்கூடம். டூர் சேதி கேட்டதும் ஜனனி வகுப்பில் முப்பது பேரிடமும் சொல்லிவிட்டாள். ஜிலுஜிலுவில் யானை வாய்க்குள் புகுந்து வால் வழியாக வெளியே வரும் சறுக்கு ஒன்று இருப்பதைப் போனில் பார்த்து வைத்திருந்தாள். “அப்பா, நீங்களும் எங்கூட யானைக்குள்ள வரணும்” என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். திருப்பதி எந்தப் பக்கம் கை தூக்கினான் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்கள் சறுக்குக்கும் யானைக்கும் கை தூக்கவில்லை. குளத்தூர் ராசுவும் கீரனூர்க்காரர்களும் ஜிலுஜிலு என்றார்கள். அன்புமொழியும் திருமயம் பக்கத்துக்காரர்களும் டால்ஃபின் என்றார்கள். வண்டி திரும்பி வரும்போது வீட்டுக்குப் பக்கத்தில் இறங்கிக்கொள்ளலாம் அல்லவா! வாயைத் திறந்தால் மட்டும் அலைக்குளம், மழை நடனம் என்று பெரிய பேச்சு.

“கையத் தூக்கச் சொன்னா மொகத்தப் பாத்துத்தான் தூக்குவாங்க. சீட்டுப் போட்டு எடு” என்று யோசனை சொன்னார் ரெங்கராஜ்.

சீட்டுப் போட்டான். எண்ணிப் பார்த்தால் இருபத்தைந்து சீட்டு. டால்ஃபினுக்குப் பதின்மூன்று.

“கள்ள ஓட்டு!” என்று ராசு பட்டுப் பெட்டியைப் படாரென்று மூடினார். “இன்சார்ஜே பொட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இப்படிப் பண்ணுனா எப்படி?”

“என்னையக் கணக்குல சேக்க மாட்டியாப்பா?” என்று சாவகாசமாக வந்தார் ரெங்கராஜ். டூருக்கு அவர் வரப்போவதில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஓட்டு மட்டும் போட்டிருந்தார்.

அன்றிலிருந்து பட்டுப் பிரிவும் ரெடிமேட் பிரிவும் பேச்சை நிறுத்திக்கொண்டன.

“நேர்ல போயிப் பாத்துட்டு வந்து சொன்னா எல்லாரும் ஒத்துக்குவாங்க” என்று அடுத்த யோசனையைக் கொடுத்தார் ரெங்கராஜ்.

செவ்வாய்க்கிழமை திருப்பதி பஸ் ஏறினான். “ஆடி முழுக்க நின்னுட்டு, கெடச்ச ஒரு நாளையும் ஊருக்கு ஒழைக்கிறீகளாக்கும்?” என்று அவன் மனைவி பிரகதீஸ்வரி டிபன் டப்பாவை நீட்டிக்கொண்டே கேட்டாள். இரண்டு பஸ் மாறி ஜிலுஜிலுவுக்குப் போய்ச் சேர்ந்தால், டிக்கெட் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். “இருபத்து நாலு குடும்பம் வாரோம் சார்” என்றான். அவ்வளவுதான், டை கட்டிய ஒருவர் ஓடி வந்து நாற்காலி போட்டார். ஜூஸ் வந்தது. வெளியிலிருந்தே யானையின் தும்பிக்கையைக் காட்டினார். குரூப் இன்சார்ஜுக்கு எங்கள் அன்பளிப்பு என்று ஒரு நீலத் தொப்பியைத் தலையில் வைத்து அனுப்பினார்.

மறுநாள் கடையில் அந்தத் தொப்பிதான் பேச்சு.

“ஒரு தொப்பிக்கு வெல போயிட்டீங்களேண்ணே” என்றாள் அன்புமொழி.

“அடப்பாவமே, சும்மா குடுத்தாங்கம்மா!”

“சும்மா குடுக்க அவங்க என்ன ஒங்களுக்கு மாமனா மச்சானா?”

அதற்காகவே அடுத்த செவ்வாய்க்கிழமை டால்ஃபினுக்குப் போனான். பெயர்தான் டால்ஃபின். சிமெண்டில் செய்த ஒன்று வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அங்கேயும் நாற்காலி, ஜூஸ். கிளம்பும்போது திருப்பதி தலையைச் சொறிந்துகொண்டு, “சார், ஒரு தொப்பி கெடைக்குமா?” என்றான்.

“ஜிலுஜிலுல குடுத்தானா? இருங்க!” என்று உள்ளே ஓடி, அதைவிடப் பெரிய ஆரஞ்சுத் தொப்பியாக எடுத்து வந்து கொடுத்தார் அங்கிருந்தவர்.

இப்போது நியாயம் ஆகிவிட்டது என்று நினைத்து இரண்டையும் கடைக்குக் கொண்டுபோனான். “ரெண்டு பக்கமும் வாங்கிட்டியா! கெட்டிக்காரன்தான்யா நீ” என்றார் ராசு. அன்றைக்கு அவன் கொண்டுபோன முறுக்கை இரண்டு கட்சியிலும் ஒருவர்கூடத் தொடவில்லை. இருபத்து நாலு பேரில் அவனுக்குப் பேச்சுத்துணை ரெங்கராஜ் ஒருவர்தான் மிஞ்சினார்.

தொப்பிகளை ஜனனி எடுத்துக்கொண்டாள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் யானை மாதிரி நடந்தாள்.

பார்த்ததை எல்லாம் ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டு என்றார் ரெங்கராஜ். ஒட்டினான். சாப்பாடு: ஜிலுஜிலுவில் சைவம், அளவு கிடையாது. டால்ஃபினில் அசைவம் உண்டு, அளவும் உண்டு. உடை: ஜிலுஜிலுவில் சேலையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது, நைலான் உடுப்பு அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

அந்த ஒரு வரி போதும் என்று ஆகிவிட்டது.

“ஊருக்கே நாமதான் துணி எடுத்துக் குடுக்கிறோம். நாம போயி எவளோ உடுத்தி அவுத்த நைலானை வாடகைக்கு வாங்கி உடுத்தணுமா?” என்று அன்புமொழி கத்தியது வாசலில் நின்ற வாடிக்கையாளர்கள் வரைக்கும் கேட்டது.

“ஏன், அங்கிட்டு அளந்து போடுற ஒரு துண்டுக் கறிக்கு மதுரை ரோட்டுல தொங்கிக்கிட்டுப் போவீகளோ?” என்றார் ராசு.

சார்ட் கிழிந்தது. அன்று மாலை ஒரு கல்யாணக் கூட்டம் பட்டெடுத்துவிட்டு, மாப்பிள்ளைச் சட்டைக்கு ரெடிமேட் எங்கே என்று கேட்டது. “அப்படி ஒரு பிரிவு இங்க இருக்கிறதாத் தெரியலைங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார் ராசு.

முதலாளி குறித்துக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. ஜனனி புதுச் செருப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் பெட்டிக்குள்ளேயே வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட திருப்பதிக்கு, யானை போனால் போகட்டும், ஏதாவது ஒரு குட்டையில் பிள்ளையோடு நனைந்தால் போதும் என்று ஆகிவிட்டது. மறுநாள் காலையில் ரெங்கராஜிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னான்.

“சார், நான் டால்ஃபினுக்கே மாறிக்கிறேன். ராசுண்ணன் கால்ல விழுந்தாவது சம்மதிக்க வச்சுருவேன். நானாச் சொல்ற வரைக்கும் நீங்க யார்ட்டயும் சொல்லிறாதீங்க.”

“நான் ஏம்பா சொல்லப்போறேன்?” என்றார் ரெங்கராஜ்.

பத்து நிமிஷத்தில் ராசு படியிறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. “கட்சி மாறிட்டியாமே? குளத்தூர்க்காரன்னா ஒனக்கு அம்புட்டு எளக்காரமா?”

இது எப்படி இவர் காதுக்குப் போயிற்று என்று திருப்பதிக்குப் புரியவே இல்லை. காலில் விழப் போனவனை ராசு கிட்டவே சேர்க்கவில்லை.

கடைசியாக அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ஜிலுஜிலுவும் வேண்டாம், டால்ஃபினும் வேண்டாம், எல்லோரும் பக்கத்தில் சித்தன்னவாசலுக்குப் போவோம், பூங்கா இருக்கிறது, படகு இருக்கிறது, கட்டுச்சோறு கட்டிக்கொள்வோம் என்றான். ஒரு மாதத்தில் முதல் முறையாகக் கடையில் ஒற்றுமை வந்தது. இருபத்து மூன்று பேரும் ஒரே குரலில், “வேணாம்!” என்றார்கள்.

“ஆத்தாடி, சைக்கிள்ல போற எடத்துக்கு டூராம்!” என்று அன்புமொழி சிரித்தாள். ராசுவும் சேர்ந்து சிரித்தார். அந்த மாதத்தில் இருவரும் சேர்ந்து செய்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை முதலாளி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே வருத்தப்படுகிறவர் மாதிரித்தான் இருந்தது.

“வண்டியெல்லாம் சொல்லி வச்சிருந்தேன். பஸ் ஸ்டாண்டு வேன்காரர் பிரசாந்துகிட்ட. ஆனா நான் ஒங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, ஒத்துமை. அது இல்லாத எடத்துல டூர் என்னத்துக்கு? நாளைக்குக் கடை வழக்கம்போல.” பிறகு திருப்பதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “ஒன்னைய நம்பித்தானேப்பா ஒப்படைச்சேன்.”

இருபத்து மூன்று பேரும் திருப்பதியைப் பார்த்தார்கள். முதலாளியை ஒருவரும் பார்க்கவில்லை. லீவு கேட்டுக் கையெழுத்துப் போட்டபோது முதல் கையெழுத்து அன்புமொழியுடையது, இரண்டாவது ராசுவுடையது. இனி இந்த ஜென்மத்தில் அந்த இரண்டு கையெழுத்தும் ஒரே காகிதத்தில் விழாது. எல்லாம் தன்னால்தான் என்று திருப்பதி மனசார நம்பினான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழலாமா என்றிருந்தது. அதற்குள் சேலை பார்க்க நாலு பேர் வந்துவிட்டார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது ஜனனியிடம் சொன்னான். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. தலையிலிருந்த இரண்டு தொப்பிகளையும் கழற்றி அவன் பைக்குள் வைத்தாள்.

“திங்கக்கெழமை எல்லாரும் கேப்பாங்கப்பா. நான் லீவு போட்டுக்கிறேன். காய்ச்சல்னு லெட்டர் எழுதிக் குடுங்க.”

பிரகதீஸ்வரி பேனாவை எடுத்துக் கொடுத்தாள். திருப்பதி எழுதினான்.

கடைக்குத் திரும்பிப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்டில் சைக்கிளை நிறுத்தினான். பிரசாந்த் பாவம், நாளைக்கு வேறு சவாரி எடுக்காமல் காத்திருப்பானே, டூர் இன்சார்ஜாகச் செய்கிற கடைசிக் காரியத்தையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று தேடிப் போனான். பிரசாந்த் தன் வேனின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, நான் ஜவுளிக்கடையிலேர்ந்து வாரேன். நாளைக்கு டூருக்கு வண்டி வேணாம். கடைசி நேரத்துல சொல்றேன், கோவிச்சுக்காத. ஏந்தப்புதான். இந்தா, எம்புள்ள வேணாம்னுருச்சு, ஒம்புள்ளைகளுக்குக் குடு” என்று நீலத் தொப்பியையும் ஆரஞ்சுத் தொப்பியையும் நீட்டினான்.

பிரசாந்த் இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு ஆச்சரியமே இல்லை.

“என் புள்ளைகளுக்கு இது மூணாவது சோடிண்ணே. மொத வருசம் அறந்தாங்கிக் கடைக்காரரு குடுத்தாரு, போன வருசம் கறம்பக்குடிக் கடைக்காரரு குடுத்தாரு. வருசா வருசம் ஒருத்தர் வந்து வண்டி வேணாம்னு அழுதுட்டுப் போறீங்க, வண்டி வேணும்னு ஒங்க மொதலாளி எங்கிட்ட ஒரு தடவகூடச் சொன்னதே இல்லையேண்ணே!”